மடியில் கனம்

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவி, முன்னாள் காதலனின் தொல்லை தாங்காமல் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கி வைத்திருந்தார். காகிதம் கையில் இருந்தது. ஆனால் ஆள் வாசலில் வந்து நின்றால் காகிதம் என்ன செய்யும் என்ற பயமும் இருந்தது. கைத்துப்பாக்கி ஒன்று வாங்க நினைத்தார். 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். அவரும் இன்னொரு இளைஞரும் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்கள் பக்கம் நின்று, அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றார்கள். ஆனால் வழக்கு இழுத்த இழுப்பில் மாணவிக்கும் 21 ஆகிவிட்டது. இனி அவரே கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், எனவே தீர்த்து வைக்கப் பிரச்சினை எதுவும் மிச்சமில்லை என்று சொல்லி, இரண்டே மாதத்தில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது.

பதினெட்டு முதல் இருபது வரையிலான அந்த மூன்று ஆண்டுகள்தான் இங்கே பேசுபொருள். வாக்களிக்கலாம், படையில் சேரலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். பீர் வாங்க முடியாது, சிகரெட் வாங்க முடியாது. இடுப்பில் சட்டைக்குள் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியோடு கடைத்தெருவில் நடக்கலாமா என்றால், எந்த மாநிலத்துக் கடைத்தெரு என்று கேட்டுத்தான் பதில் சொல்ல முடியும். சட்டம் அனுமதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பொறுப்போடு சுமப்பது என்றால் நடைமுறையில் என்ன? நீதிபதிகள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது கேள்வி அந்த இளைஞர் தலையில் விழுகிறது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது நம் பழமொழி. அமெரிக்காவில் அது தலைகீழாக நடக்கிறது. வழியில் பயம், அதனால் மடியில் கனம். துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் பியூ ஆய்வு மையம் 2023இல் காரணம் கேட்டபோது, 72 விழுக்காட்டினர் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். வேட்டை பின்னுக்குப் போய்விட்டது. தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியைத் தினந்தோறும் சுமந்தவர்கள் 2015இல் சுமார் 30 இலட்சம் பேர். 2019இல் அது 60 இலட்சம் ஆனது என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஐந்து ஆண்டுக்குள் இரட்டிப்பு. கருவியும் அதற்கேற்பச் சுருங்கியது. 2018இல் வந்த சிக் பி365 அரைக்கிலோ எடைதான், உள்ளங்கைக்குள் அடங்கும், பத்துத் தோட்டா கொள்ளும். டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் போடும் வயதுக்காரர்களுக்கு மறைத்து வைப்பது முன்பு பெரும் பாடு. இப்போது அந்தத் தடையும் போயிற்று.

இரண்டு வயதுகள்

இந்தக் குழப்பம் 1968இல் தொடங்குகிறது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ஆண்டில், அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கடையில் நீள்துப்பாக்கி வாங்க 18 வயது, கைத்துப்பாக்கி வாங்க 21. அப்போது வாக்குரிமைக்கும் 21தான். 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் வாக்குரிமையை 18க்கு இறக்கியது. துப்பாக்கி வயது இறங்கவில்லை. 1994இல் இன்னொரு சட்டம் வந்து, 18க்குக் கீழ் இருப்பவர்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதையே, சில விலக்குகளோடு, தடை செய்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். கூட்டாட்சிச் சட்டப்படி 19 வயதுப் பையன் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம், கடையில்தான் வாங்க முடியாது. அப்பா பரிசாகக் கொடுக்கலாம். பல மாநிலங்களில் பக்கத்து வீட்டுக்காரரிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பின்னணிச் சோதனை நடக்கும் இடத்தில் கதவைச் சாத்திவிட்டு, நடக்காத இடத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ, விளைவு அவர்கள் நினைத்ததாக இருக்க முடியாது.

பிறகு நீதிமன்றங்கள் வந்தன. 2008இல் ஹெல்லர் வழக்கில், துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது உச்ச நீதிமன்றம். 2022 ஜூன் 23 அன்று புரூயன் வழக்கில், வீட்டுக்கு வெளியே சுமப்பதும் உரிமையே என்று 6-3 என்ற கணக்கில் சொன்னது. அதோடு ஓர் அளவுகோலையும் கொடுத்தது. இன்றைய கட்டுப்பாடு நிற்க வேண்டுமானால் நாட்டின் பழைய மரபில் அதற்கு முன்மாதிரி இருக்க வேண்டும். அதாவது 1791இல் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்று முதல் 19 வயதுக் கல்லூரி மாணவரின் இடுப்பைப் பற்றி முடிவு செய்ய, வழக்கறிஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1792இன் குடிப்படைச் சட்டம் 18 முதல் 45 வயதுவரை உள்ள வெள்ளை ஆண்கள் ஆயுதத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்றது. ஆகவே 18 வயதுக்காரரும் ‘மக்கள்’ என்பதில் அடங்குவார் என்கிறது ஒரு தரப்பு. அக்காலப் பொதுச் சட்டத்தில் 21 ஆகாதவர் மைனர், தன் பெயரில் ஒப்பந்தம்கூடப் போட முடியாது, துப்பாக்கியை எப்படி வாங்கியிருப்பார் என்கிறது மறுதரப்பு. 1856இல் அலபாமாவும் டென்னஸியும் மைனருக்குக் கைத்துப்பாக்கி கொடுப்பதைக் குற்றமாக்கியதையும் அது எடுத்துக் காட்டுகிறது. அது 1856, 1791 அல்லவே என்று முதல் தரப்பு திரும்பக் கேட்கிறது. ஒரே காகிதக்கட்டைப் படித்துவிட்டு நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். மின்னசோட்டாவில் 18-20 வயதினர் சுமப்பதற்கு இருந்த தடையை எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் நீக்கியது. அந்த மாநிலத்தின் மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மறுத்தது. ஐந்தாவது வட்டாரம் 2025 ஜனவரியில் கடை விற்பனைத் தடையே செல்லாது என்றது. மார்ச்சில் பதினோராவது வட்டாரம் ஃபுளோரிடாவின் தடையை 8-4 என்று காப்பாற்றியது. ஜூனில் நான்காவது வட்டாரம் கூட்டாட்சித் தடை செல்லும் என்றது. முதலில் சொன்ன மாணவியின் வழக்கில் தடை செல்லாது என்று சொன்னதும் இதே நான்காவது வட்டாரம்தான்.

வரலாற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறு என்று சொல்ல வரவில்லை. வரலாற்றில் இல்லாத ஒன்றை அதில் தேடுகிறார்கள் என்பதே என் குறை. 1791இன் கைத்துப்பாக்கி ஒரு குண்டு சுடும், பிறகு மருந்து கிட்டித்து மறுபடி நிரப்ப வேண்டும். அன்றைய பதினெட்டு வயதுக்காரர் பெரும்பாலும் அப்பாவின் கூரைக்குக் கீழே, அப்பாவின் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். விடுதி அறையில், தெரியாத அறைத்தோழரோடு, பத்துத் தோட்டாப் பிஸ்டலைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் மாணவரைப் பற்றி அந்தக் காகிதங்கள் எதுவும் பேசவில்லை.

சட்டம் விலகிய இடம்

வயதைப் பற்றி இவ்வளவு சத்தம் நடக்கும்போது, அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று அமைதியாக நடந்து முடிந்தது. வெர்மாண்ட் மாநிலம் சுமப்பதற்கு உரிமம் என்று எதையும் எப்போதும் கேட்டதில்லை. 2003இல் அலாஸ்காவும் 2010இல் அரிசோனாவும் அந்த வரிசையில் சேர்ந்தன. 2024 மார்ச்சில் தென் கரோலினா சேர்ந்தபோது எண்ணிக்கை 29. நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் மறைத்துச் சுமக்க உரிமம் வேண்டாம், வகுப்பு வேண்டாம், குறிபார்த்து ஒரு குண்டு சுட்டுக் காட்டவும் வேண்டாம். இவற்றில் பல 21 வயது என்று வைத்திருக்கின்றன. இண்டியானாவும் லூசியானாவும் தென் கரோலினாவும் 18 போதும் என்கின்றன. டெக்சஸ் 2021இல் 21 என்றுதான் சட்டம் போட்டது. 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் வொர்த் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 18-20 வயதினரை விலக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார், மாநில அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. இல்லினாய் இன்னும் 16 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. நியூயார்க் 16 மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் சுடும் பயிற்சியும் கேட்கிறது.

உரிமம் வேண்டாம் என்பவர்கள் ஒரு நல்ல வாதம் வைக்கிறார்கள். உரிமம் பெற்றுச் சுமப்பவர்கள் குற்றத்தில் சிக்குவது மிகக் குறைவு. டெக்சஸ் காவல்துறை ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலே அதைக் காட்டும். உண்மைதான். ஆனால் அந்த நல்ல பெயரைச் சம்பாதித்தவர்கள் யார்? விண்ணப்பம் போட்டு, கைரேகை கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதிய 21 வயதுக்கு மேற்பட்டவர்கள். அந்தப் பெயரை, இவை எதுவும் செய்யாத 18 வயதுக்காரருக்கு மாற்றி எழுதிக் கொடுக்க முடியாது. ஓட்டுநர் உரிமம் வாங்கியவர்கள் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்பதால் ஓட்டுநர் உரிமமே தேவையில்லை என்று சொல்வது போன்றது இது.

சுமப்பவர்கள் பெருகினால் குற்றம் குறையுமா? 1998இல் ஜான் லாட் புத்தகம் எழுதிக் குறையும் என்றார். தேசிய ஆய்வு மன்றத்தின் குழு 2004இல் எல்லாத் தரவுகளையும் மறுபடி பார்த்துவிட்டு, கூடுகிறது என்றோ குறைகிறது என்றோ சொல்ல இவை போதாது என்றது. அந்தக் குழுவிலேயே ஒருவர் மாற்றுக் கருத்து எழுதினார். ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூவும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, சுமப்பதை எளிதாக்கிய மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்குற்றம் 13 முதல் 15 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்றது. ரேண்ட் நிறுவனத்தின் தொகுப்பாய்வும் இப்போது அந்தப் பக்கமே சாய்கிறது. கூடுவதற்கு என்ன காரணம்? உரிமக்காரர்கள் ஊரைச் சுடக் கிளம்பிவிட்டார்கள் என்பதல்ல. ஒரு முக்கியக் காரணம் களவு. அலுவலகத்தில், மருத்துவமனையில், பள்ளியில், அரசுக் கட்டடத்தில் துப்பாக்கியோடு நுழைய முடியாது. அதனால் காரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கார்க் கண்ணாடியை உடைக்க அரை நிமிடம் போதும். 2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து களவு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 இலட்சத்துக்கும் மேல்.

உறை, பை, மறதி

இனி அன்றாடம். துப்பாக்கிப் பயிற்சியாளர்கள் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், இந்த இடத்தில் அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். ஜெஃப் கூப்பர் என்ற பழைய மரீன் அதிகாரி பரப்பிய நான்கு விதிகளில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விரலை விசைக்கு வெளியே வை. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். எல்லாம் எளிதுதான். பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போடும் அளவுக்கு எளிது. வருஷத்தில் 365 நாளும் தவறாமல் செய்வதில்தான் சிரமம்.

உறையை எடுத்துக்கொள்வோம். க்ளாக் போன்ற பிஸ்டல்களில் கட்டைவிரலால் தள்ளும் பூட்டு கிடையாது. விசையை அழுத்தினால் வெடிக்கும். அழுத்துவது விரலா, சட்டை முனையா, சாவிக்கொத்தா என்று அதற்குத் தெரியாது. ஆகவே விசையை முழுக்க மூடும் கெட்டியான உறை இல்லாமல் இடுப்பில் செருகக் கூடாது. அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரஸ் 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்தில் வெற்றிப் புள்ளியை எடுத்து நாடு முழுதும் கொண்டாடப்பட்டவர். அதே ஆண்டு நவம்பரில் மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றுக்குப் போனபோது, உறையில்லாமல் இடுப்பில் செருகியிருந்த பிஸ்டல் கால்சட்டைக்குள் வழுக்கியது. பிடிக்கப் போனார், தொடையில் சுட்டுக்கொண்டார். ஃபுளோரிடாவில் அவர் வாங்கியிருந்த உரிமம் காலாவதியாகியிருந்தது. ஆகாமல் இருந்திருந்தாலும் நியூயார்க்கில் அது செல்லாது. கிட்டத்தட்ட இருபது மாதம் சிறையில் இருந்தார்.

கைப்பை அதைவிட மோசம். கைப்பையைக் கீழே வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம், கடையில் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்புவோம். 2014 டிசம்பர் 30 அன்று, ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் ஊர்ப் பல்பொருள் அங்காடியில் 29 வயதுத் தாய் ஒருவர் அப்படித்தான் திரும்பினார். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன் பையின் ஜிப்பைத் திறந்துவிட்டான். தாய் அங்கேயே இறந்தார். அவரிடம் முறையான உரிமம் இருந்தது. துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது, கணவர் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது. கெட்ட எண்ணம் கொண்டவர் என்று அந்தக் கதையில் யாருமே இல்லை. பையை உடம்போடு வை, இல்லையேல் பையில் வைக்காதே என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதனால்தான்.

பிறகு மறதி. 2024இல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் பயணிகளின் கைப்பெட்டிகளிலிருந்து பிடிபட்ட துப்பாக்கிகள் 6,678. அவற்றில் 94 விழுக்காடு தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் சொன்ன பதில், பெட்டிக்குள் இருந்ததையே மறந்துவிட்டேன் என்பது. எங்கே இருக்கிறது என்று நினைவில்லாதவர் அதைப் பொறுப்போடு சுமந்தார் என்று எப்படிச் சொல்வது? செல்பேசியை மறந்துவிட்டால் பத்தே நிமிடத்தில் தவிக்கிறோம். துப்பாக்கிக்கு அந்தத் தவிப்பு இல்லை, ஏனென்றால் அது எந்நாளும் பயன்படுவதில்லை. நூற்றுக்கு நூறு நாள் வெறும் சுமை. அந்த அலுப்பில்தான் கவனம் தளர்கிறது.

மாநில எல்லை இன்னொரு குழி. பென்சில்வேனியா உரிமம் ஆற்றைத் தாண்டினால் நியூஜெர்சியில் செல்லாது. 2013இல் பிலடெல்பியாப் பெண் ஒருவர் அங்கே தன் காரை நிறுத்திய அதிகாரியிடம் தானாகவே முன்வந்து, உரிமமும் துப்பாக்கியும் இருப்பதைச் சொன்னார். உண்மையைச் சொன்னதற்குக் கைதுதான் கிடைத்தது. பல ஆண்டுச் சிறை வாசல்வரை போய், 2015இல் ஆளுநரின் மன்னிப்பால் தப்பினார். இளைஞர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. பாதி நாட்டில் கஞ்சா கடையிலேயே விற்கிறது, ஆனால் கஞ்சாப் பழக்கம் உள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வார இறுதி விருந்துக்குப் போகும் பத்தொன்பது வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பதினைந்து வினாடி

சுமப்பதை ஆதரிப்பவர்கள் எல்லாரும் சொல்லும் பெயர் எலைஷா டிக்கன். 2022 ஜூலை 17, இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகம். இருபது வயதுக்காரன் ஒருவன் நீள்துப்பாக்கியோடு வந்து உணவுக்கூடத்தில் சுடத் தொடங்கி மூன்று பேரைக் கொன்றான். தோழியோடு வந்திருந்த டிக்கனுக்கு 22 வயது. தூணோரம் ஒதுங்கி நின்று, ஏறக்குறைய 40 கஜத் தூரத்திலிருந்து பத்துக் குண்டு சுட்டார். எட்டு இலக்கில் பட்டது. தாக்குதல் தொடங்கிப் பதினைந்து வினாடியில் முடிந்தது. உரிமமின்றிச் சுமக்கலாம் என்ற இண்டியானாச் சட்டம் நடைமுறைக்கு வந்து அன்றைக்குப் பதினேழாவது நாள். அவரிடம் உரிமம் இல்லை. அந்த வளாகமோ துப்பாக்கிக்கு அனுமதியில்லை என்று விதி வைத்திருந்தது. சுடக் கற்றுக் கொடுத்தவர் தாத்தா.

இதைச் சிறுமைப்படுத்த முடியாது. அன்று அங்கே பலர் உயிரோடு வீடு திரும்பியதற்கு அந்த இளைஞர் காரணம். ஆனால் நாற்பது கஜத்தில் பத்துக்கு எட்டு என்பது பல காவலர்களுக்கே கைகூடாத குறி. விதிவிலக்கை வைத்து விதி எழுதக் கூடாது.

ஏனென்றால் அதே வரிசையில் வேறு பெயர்களும் இருக்கின்றன. 2021 ஜூனில் கொலராடோவின் ஆர்வாடா ஊரில், காவலரைக் கொன்ற ஒருவனை ஜானி ஹர்லி என்பவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பிறகு கொலைகாரனின் நீள்துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ஓடிவந்த இன்னொரு காவலர் அவரையே கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார். 2018இல் அலபாமாவின் ஹூவர் வணிக வளாகத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட கூட்டத்தில், கையில் பிஸ்டலோடு நின்ற எமான்டிக் பிராட்ஃபோர்டைக் காவலர் பின்னாலிருந்து சுட்டார். அவர் சுட்டவரல்லர். வயது 21. கறுப்பினத்தவர். 2016இல் மின்னசோட்டாவில் காரை நிறுத்திய அதிகாரியிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஃபிலாண்டோ காஸ்டில் மரியாதையாகச் சொன்னார். உரிமமும் வைத்திருந்தார். பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். சொன்ன சில வினாடிக்குள் அதிகாரி ஏழு முறை சுட்டார். சுட்ட அதிகாரி மறு ஆண்டு விடுதலையானார்.

காவலர் நிறுத்தினால் கையை ஸ்டியரிங் மேல் வை, அமைதியாகச் சொல், கேட்காமல் எதையும் எடுக்கப் போகாதே என்று வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நல்ல அறிவுரை. காஸ்டிலுக்கு அது போதவில்லை. ஒரே சட்டம், ஒரே உரிமம், ஆனால் தோலின் நிறத்துக்கேற்ப அதன் மதிப்பு மாறுகிறது. இதைச் சொல்லாத எந்தப் பயிற்சி வகுப்பும் பாதி வகுப்புதான்.

ஐந்து நிமிடம்

இதுவரை பேசியதெல்லாம் வெளியே இருக்கும் எதிரியைப் பற்றி. கணக்கைப் பார்த்தால் பெரிய ஆபத்து அங்கே இல்லை. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். கொலையானவர்கள் 17,927. தற்கொலை 27,300. பத்துச் சாவில் கிட்டத்தட்ட ஆறு, தன்னைத்தானே சுட்டுக்கொண்டது. திருடனுக்காக வாங்கிய கருவி வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது.

இந்த இடத்தில்தான் வயது என்பது உண்மையிலேயே பொருள் பெறுகிறது. யோசித்து அடங்கும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்கிறது. வீட்டைவிட்டு முதன்முதலாகத் தனியே இருப்பதும், காதல் முறிவதும், தேர்வில் தோற்பதும், மனநோயின் முதல் அறிகுறி தோன்றுவதும் இந்த ஆண்டுகளில்தான். தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளையோரிடம் ஹூஸ்டனில் நடத்திய ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ நான்கில் ஒருவர், முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இல்லை என்றார்கள். வேறு வழியில் முயல்பவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியை எடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிற்காலத்தில் தற்கொலையால் சாவதில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க விட்டால் போதும், ஆள் மிஞ்சுவார்.

நியூஹாம்ப்ஷயரில் 2009இல் ஒரு வாரத்துக்குள், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் தங்களையே சுட்டுக்கொண்டார்கள். கடைக்காரர் உடைந்துபோனார். பிறகு மாநிலத்தின் பொதுச் சுகாதார ஆட்களோடு உட்கார்ந்து, எப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு இன்று விற்க வேண்டாம் என்று மற்றக் கடைக்காரர்களுக்குச் சொல்லித்தரும் திட்டம் ஒன்றை உருவாக்கினார். துப்பாக்கிக் கடைகளின் சுவரில் தற்கொலைத் தடுப்புச் சுவரொட்டி ஏறியது அப்படித்தான். இன்று வேறு பல மாநிலங்களிலும் அது இருக்கிறது. மனம் சரியில்லாத காலத்தில் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுங்கள், பூட்டி வைத்திருந்து பிறகு தருகிறோம் என்று சில கடைகள் முன்வந்திருக்கின்றன. இந்த முழு விவகாரத்திலும் எனக்கு நம்பிக்கை தந்த சில செய்திகளில் இது ஒன்று. இதைத் தொடங்கியவர்கள் துப்பாக்கி எதிர்ப்பாளர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆக, பொறுப்போடு சுமப்பது எது என்று என்னைக் கேட்டால், பகலில் இடுப்பில் எப்படி வைக்கிறார் என்பதைவிட இரவில் எங்கே வைக்கிறார் என்றுதான் முதலில் கேட்பேன். கைரேகையிலோ எண்ணிலோ திறக்கும் சிறிய இரும்புப் பெட்டி ஒன்று துப்பாக்கி விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கிறது. அதை வாங்காதவர் சுமக்கத் தயாராகவில்லை. அவருக்கு 19 ஆனாலும் சரி, 49 ஆனாலும் சரி. துக்கமோ குடியோ கோபமோ உள்ள வாரத்தில் துப்பாக்கியை நண்பரிடம் கொடுத்துவிட்டு வரும் மனம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வண்டி இடித்ததற்கு, வரிசையில் முந்தியதற்கு, கெட்ட வார்த்தைக்குப் பதில் பேசாமல் போகும் பழக்கம் உண்டா என்பது மூன்றாவது. மடியில் கனம் வைத்தவர் சண்டையில் தோற்றுப் போகப் பழக வேண்டும் என்று அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். பதினெட்டு வயதில் கற்க மிகக் கடினமான பாடம் அதுதான்.

சட்டத்தில் என் தீர்ப்பு இது. கடையில் 21, பக்கத்து வீட்டில் 18 என்ற இரட்டை ஏற்பாடு அர்த்தமற்றது. அதை ஒன்றாக்க வேண்டும். 21 ஆக்குவதே நல்லது என்பது என் கருத்து, நீதிமன்றங்கள் அதை விடாமல் போகலாம். 18தான் என்று முடிவானால், பயிற்சியையும் உரிமத்தையும் மறுபடி கொண்டுவருவதைத் தவிர நியாயமான வழி தெரியவில்லை. புரூயன் தீர்ப்புகூட உரிமமுறையைத் தடை செய்யவில்லை. அதைக் கைவிட்டவர்கள் நீதிபதிகள் அல்லர், மாநிலச் சட்டமன்றங்கள்.

பிள்ளைகளை டெக்சஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் இண்டியானாவுக்கும் படிக்க அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாணவர் விசாவில் போகிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, கூட்டாட்சிக் குற்றம். நண்பன் கையில் கொடுத்தான், ஆசைக்கு வைத்துக்கொண்டேன் என்பது பதிலாகாது. அறைத்தோழரிடம் துப்பாக்கி இருப்பது மட்டும் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்கும். டெக்சஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 முதல் உரிமம் பெற்றவர்கள் வளாகத்துக்குள்ளேயே சுமக்கலாம். ஆகவே வாடகை எவ்வளவு, சமையல் யார் முறை என்று கேட்கும்போது, வீட்டில் துப்பாக்கி உண்டா, உண்டென்றால் எங்கே பூட்டி வைத்திருக்கிறாய் என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஊரில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.